ஆறு வருஷத்துப் பூசணி விதை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவே இல்லை. 1963 மார்கழியில் ஒரு விவசாயப் பத்திரிகை ஆசிரியர் எனக்குக் கார்டு போட்டார். பூசணி விதையைச் சேமிப்பது எப்படி, எத்தனை வருஷம் முளைக்கும், இரண்டு பக்கம் போதும், கதை விட வேண்டாம் என்று எழுதியிருந்தார். நானும் யோக்கியமாகத்தான் ஆரம்பித்தேன்.

‘நன்கு முற்றிய காயிலிருந்து எடுத்து, கழுவி, நிழலில் உலர்த்திய விதை, ஈரம் படாமலிருந்தால் ஐந்தாறு ஆண்டுகள் வரை...’

அதற்குள் வடகவுஞ்சிப் பொன்னுத்தாய் வந்து என் வாக்கியத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வயது, சட்டென்று மூக்கு சிவக்கிற ஆள்.

“அதென்னங்க அஞ்சாறு? அஞ்சா, ஆறா? வெளங்கச் சொல்லுங்க.”

அவளிடம் இருந்த விதைக்குச் சரியாக ஆறு வயது. கட்டுரை அத்தோடு போச்சு.

2

‘மலைமுகட்டில் மஞ்சு மெல்லத் தவழ்ந்துகொண்டிருந்த அந்தக் காலையில்...’

வேண்டாம். கொடைக்கானல் பக்கம் பேனாவைத் திறக்கிற எல்லோரும் முதலில் மஞ்சைத்தான் தவழ விடுகிறார்கள். அது பாட்டுக்குத் தவழட்டும், நாம் சண்டைக்கு வருவோம்.

1957. பொன்னுத்தாய் கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் கவுஞ்சியில் இருக்கும் அக்கா இருளாயி வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா தோட்டத்துப் பூசணி வேறெங்கும் கிடைக்காத ரகம். தோல் சாம்பல் நிறம், அறுத்தால் உள்ளே மஞ்சள் கிழங்கைப் போலச் சதை. கிளம்பும்போது அக்கா கை நிறைய விதை கொடுத்தாள். கொடுத்தவள் சும்மா இருந்தாளா? நாக்கு அரித்தது.

“கொண்டு போடி. ஆனா ஒங் கை பட்டா மொளைச்சதும் பட்டுப்போகுமே!”

பிள்ளையில்லாத தங்கச்சியிடம் சொல்கிற வார்த்தையா இது? பொன்னுத்தாய் விடுவிடுவென்று படியிறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, அங்கே எல்லோரும் செய்கிற மாதிரி, விதையைச் சாம்பலில் புரட்டிச் சாணத்தில் பொதிந்து, அடுப்புக்கு மேலே சுவரில் ஐந்து வரட்டிகளாகத் தட்டினாள். புகை படிந்தால் வண்டு அண்டாது. ஆனால் ஆடி வந்தது, தை வந்தது, அவள் அதைத் தொடவில்லை.

“அவ வெதைய நடவும் மாட்டேன், தூரப் போடவும் மாட்டேன். கெடக்கட்டும்.”

கிடந்தது, ஆறு வருஷம்.

(அடிக்குறிப்பு, பத்திரிகை ஆசிரியருக்கு: விதையைக் காக்கச் சாணம், சாம்பல், புகை என்று மூன்று சொல்லியிருந்தேன். நான்காவதாக வீம்பு என்று சேர்த்துக்கொள்ளவும்.)

3

இருளாயி இதற்குள் நாகரிகமாகிவிட்டாள். கொடைக்கானலில் ஒரு பங்களாச் சமையலறையில் கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, தானும் ஒன்றை வாங்கி, அரைகுறையாகக் காய்ந்த விதையைப் போட்டு மூடியை இறுக்கித் திருகினாள். மலைக் குளிரில் உள்ளே ஈரம் வேர்த்து அத்தனையும் பூசணம் பூத்துப்போனது. அந்த வருஷக் கொடியும் மழையில் அழுகிவிட்டது.

உருளைக்கிழங்கு லாரிக்காரர் வந்து பொன்னுத்தாயிடம் சொன்னார்: “ஒங்க அக்கா கேக்கச் சொன்னாங்க. அந்த வெதையில ஒண்ணு ரெண்டாச்சும் கெடக்கான்னு.”

ஆறு வருஷத்தில் அக்காவிடமிருந்து வந்த முதல் பேச்சு. “பாத்துச் சொல்றேன்” என்று வீராப்பாக உள்ளே போனவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். ஒரு வரட்டி இருந்தது. மீதி நான்கு இருந்த இடத்தில் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது.

அவள் புருஷன் வேலுமணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

“யோவ், செவுத்துல இருந்த வரட்டிய என்னய்யா பண்ணுன?”

“வெறகெல்லாம் ஈரம். வெந்நி போட்டேன். வரட்டி எரிக்கத்தானே?” என்றார். “என்னா, படபடன்னு வெடிச்சுச்சு. இதென்ன வரட்டி இந்தப் பேச்சுப் பேசுதேன்னு நெனச்சேன்.”

(வேலுமணி மேல் எனக்குச் சந்தேகம். ஆறு வருஷம் அதே அடுப்படியில் குந்தியிருந்த மனுஷனுக்கு இது தெரியாதா? அவரிடமே கேட்டேன். “அக்கா பேரையே வீட்டுல எடுக்கக் கூடாதுன்னுட்டா. வெத இருக்குன்னு எப்பிடிங்க சொல்லுவா?” என்றார். நியாயந்தான். விட்டுவிட்டேன்.)

4

மிஞ்சிய வரட்டியை உடைத்தால் ஒன்பது விதை. உயிரோடு இருக்கின்றனவா, செத்துவிட்டனவா? அப்படியே கொடுத்தனுப்பி முளைக்காவிட்டால், பழி தீர்க்க வேண்டுமென்றே செத்த விதையை அனுப்பினாள் என்று அக்கா நினைப்பாள். இல்லாவிட்டால் ‘ஒங் கை பட்டா’ என்று அன்றைக்குச் சொன்னது பலித்ததாகிவிடும். அப்புறம் இந்த ஜென்மத்தில் பேச்சு கிடையாது. பொன்னுத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டை எடுத்துச் சோதிக்கலாம் என்று முடிவு செய்தாள். மார்கழிக் குளிரில் பூசணி முளைக்காது, கதகதப்பு வேண்டும். ஈரத்துணியில் முடிந்து அடைக்கோழிக்கு அடியில் வைத்தாள்.

இந்த இடத்தில் நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ. நாலாம் நாள் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. (கதை இங்கேயே முடிந்துவிடும்.)

ஆ. இரண்டும் அழுகிக் கிடந்தன. (எழுத எனக்கே மனசு வரவில்லை.)

இ. துணி இருந்தது, விதை இல்லை. கோழி முழித்த முழியில் கள்ளம் இருந்தது.

இ-யை வைத்துக்கொண்டேன். பொன்னுத்தாய் என்னைப் பிடித்துக்கொண்டாள்: “நான் பட்ட பாடு பத்தாதுன்னு கோழிய வேற ஏவி விட்டீங்களா? நல்லா இருப்பீங்க!”

5

மீதி ஏழையும் முந்தியில் முடிந்துகொண்டு, பாதி நடையும் பாதி லாரியுமாகக் கவுஞ்சி போய்ச் சேர்ந்தாள். வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இருளாயி நிமிர்ந்து பார்த்தாள். இருவர் கண்ணிலும் தண்ணீர். பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டார்கள்.

“ஆறு வருசத்து வெதக்கா. மொளைக்குமோ என்னமோ. மொளைக்கலன்னா நான் வேணும்னு...”

“வாய மூடுடி. நடாம எதுக்கு வச்சிருந்த?”

“ஒம் மேல கோவம்.”

“நல்ல வேள, கோவப்பட்ட” என்ற இருளாயி, மண் நிரப்பிய சட்டியைக் கொண்டு வந்து அடுப்போரம் வைத்தாள். “ஒங் கையாலயே ஊனு.”

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் அவள். அவளால் முடிந்தது இவ்வளவுதான். பொன்னுத்தாய்க்கு அது போதுமாக இருந்தது.

“மொளைக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கணும். மொளைச்சப்பறம் போ, ஒஞ் சோலியப் பாரு” என்றாள் அக்கா.

6

எட்டாம் நாள் ஒன்றுமில்லை. “குளிருல்ல, பத்து நாளாகும்” என்றாள் இருளாயி. பத்தாம் நாளும் ஒன்றுமில்லை. “பதினஞ்சாகும்.” வடகவுஞ்சியில் வேலுமணி வெந்நிக்கு வழியில்லாமல் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் பொன்னுத்தாய் வெள்ளனே எழுந்து சட்டியைப் பார்த்தாள். ஓரிடத்தில் மட்டும் புதுமண் குவித்து அமுக்கியிருந்தது. அவள் செய்த வேலையில்லை. திரும்பிப் பார்த்தாள். இருளாயி இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த கையில், நகக்கண்ணெல்லாம் மண்.

முளையைப் பார்த்துவிட்டு, தங்கச்சி கிளம்பிவிடுவாளே என்று மூடிவிட்டாளா? இல்லை, தோண்டிப் பார்த்து, விதை அழுகிக் கிடந்ததைத் தங்கச்சி கண்ணில் படாமல் எடுத்துப் போட்டுவிட்டு மூடினாளா? எனக்குத் தெரியாது. ஆசிரியருக்கும் அப்படியே எழுதிவிட்டேன். கட்டுரை திரும்பி வந்தது.

சட்டி இதோ இருக்கிறது. தோண்டிப் பார்ப்பதானால் நீங்கள் பாருங்கள். பொன்னுத்தாய் பார்க்கவில்லை. அந்த மண்ணை இன்னும் கொஞ்சம் அமுக்கிவிட்டு, அக்கா பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள்.