தொண்ணூற்றேழாம் வருஷத்துப் பாட்டுகள்

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொழிற்சாலையில் வருடாந்திரக் காது பரிசோதனை. ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டு வராந்தாவில் நாற்காலியைப் போட்டு, லட்சுமணன் தன் சொந்தப் பரிசோதனையைத் தொடங்கியிருந்தார்.

அதற்கு அவரிடம் இருந்தவை பன்னிரண்டு பாட்டுகள். எல்லாம் தொண்ணூற்றேழில் வந்தவை. அப்ரண்டிஸாக வேலைக்குச் சேர்ந்த அந்த வருஷம், பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து ஒரு காலி கேசட்டில் பதிந்து வாங்கியிருந்தார். இப்போது அதே வரிசையில் போனில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சத்தம் அவருக்குத் தெரியும். மூன்றாவதில், சரணத்துக்கு முன் பாடகி மூச்சை இழுப்பாள். ஐந்தாவதில் கொலுசு. ஒன்பதாவதில் புல்லாங்குழல் தேய்ந்து அடங்கியபின் ஒரே ஒரு மணி. கேட்டால் தாளில் ஒரு டிக். மூன்று வருஷமாகப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

இருந்தும் பயம் விடவில்லை. இன்ஜின் சோதனைப் பிரிவில் இருபத்தைந்து வருஷம். ஓடும்போது காது கொடுத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்று அங்கே அவருக்குப் பெயர். போன வாரம், அவர் சரி என்று அனுப்பிய இன்ஜின் ஒன்று திரும்பி வந்துவிட்டது. நாளைக்குத் தேறாவிட்டால் ஸ்டோர்ஸுக்கு மாற்றி மேஜை வேலை கொடுத்துவிடுவார்கள்.

"இன்னா மச்சான், இதுக்குப் போய் பயந்துகினு கீறே?" என்று அன்று மத்தியானம் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் மோகன் சிரித்திருந்தான். "ரூமு கண்ணாடி வழியா, வெளிய டெஸ்ட் எடுக்குற அந்தம்மா கையப் பாரு. சத்தம் வுட அது சுவிட்ச தட்டுறசொல்ல, கேட்டா மாதிரி நீ பட்டன அமுக்கு. நாலு வருசமா நான் அப்டித்தான் பாஸாவுறேன்." பிறகு பக்கத்தில் வந்து, "எடது காது எனக்கு எப்பவோ அவுட்டு மாமே" என்றான்.

கல்லூரியிலிருந்து வந்த மகள் சௌம்யா தாளை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாப்பா, உனக்கு நீயே மார்க் போட்டுக்கிறியா? குடு, நான் பாட்டு வைக்கிறேன். கேட்டா விரலத் தூக்கு."

போனை வாங்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். இயர்போனில் ஒன்று அவர் காதில், மற்றது அவள் காதில். மூச்சுக்குத் தூக்கினார். கொலுசுக்குத் தூக்கினார். ஒன்பதாவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டார். குழல் தேய்ந்தது. மணி அடித்தது. விரலைத் தூக்கினார்.

தோளில் கை விழுந்தது. மகள் முகத்தில் சிரிப்பில்லை. போனைக் காட்டினாள். குழல் தேயத் தொடங்கியபோதே பாட்டை நிறுத்தியிருந்தாள்.

"சும்மா வெளையாட்டுக்குத்தாம்பா நிறுத்துனேன்..."

அப்படியானால் அந்த மூச்சு? கொலுசு? இத்தனை நாள் டிக் போட்டது காதா, இருபத்தெட்டு வருஷ ஞாபகமா?

"இந்த வருஷப் பாட்டு ஒண்ணு வை. நான் கேக்காதது."

வைத்தாள். மேளம் வந்தது, ஒரு ஆண் குரல் வந்தது.

"பின்னாடி சலங்கை மாதிரி ஒண்ணு வருதே, அது கேக்குதா?" என்றாள்.

மறுபடி வைக்கச் சொன்னார். மேளம், குரல். அவ்வளவுதான். இயர்போனைக் கழற்றி மடியில் போட்டார்.

சௌம்யா சட்டென்று உள்ளே திரும்பினாள்.

"எங்க போற?"

"வாஷிங் மெஷின்பா. முடிஞ்சிடுச்சுன்னு கத்துதில்ல?"

மெஷின் பத்தடி தூரத்தில் இருந்தது. வாங்கி இரண்டு வருஷம். அது சத்தம் போடும் என்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவள் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு நீயும் கூட வா" என்றார். "கண்ணாடிக்கு முதுகு காட்டி என்னை உக்கார வைக்கச் சொல்லி, அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடு. இல்லேன்னா நான் கையப் பாத்துடுவேன்."