இரண்டு காவல்

மறுபடியும் அந்தக் கோப்பு திரையில் தலைகாட்டியது. கும்-ஜூ அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோவதற்குள் காணாமலும் போனது. காலையிலிருந்து அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இதே கூத்துதான். அவள் நாற்காலியில் சாய்ந்து, தலையில் குத்தியிருந்த வெள்ளைத் துணி ஊசியைச் சரிசெய்துகொண்டாள். வாடகைக்கு எடுத்த கறுப்புத் துக்க உடை ஜூலைப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டியது.

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். மருத்துவமனையின் அடித்தளத்திலேயே இறுதிச்சடங்குக் கூடம். அறை கிடைத்தது, வெள்ளைச் சாமந்தி வந்தது, வருகிறவர்களுக்கு மாட்டிறைச்சி சூப்புக்கும் சொல்லியாயிற்று. பூக்களுக்கு நடுவே வைக்கப் படம்தான் இல்லை. மதியத்துக்குமேல் ஆட்கள் வந்து அந்தப் படத்துக்கு முன்னால்தான் விழுந்து வணங்குவார்கள். அண்ணன் சங்-தெக் அப்பாவின் அடையாள அட்டையை நீட்டி, இதையே பெரிதாக்கிவிடலாம் என்றான். அம்மா ஒப்பவில்லை.

"அதுல அவர் திருடன் மாதிரி முழிச்சிட்டிருப்பார். இத்தனை பேர் வந்து ஒரு திருடனையா கும்பிடணும்? வசந்தத்துல முதியோர் மையத்துக்குப் பசங்க வந்து தீர்க்காயுசுப் படம் எடுத்தாங்கல்ல, அவரே கோட்டு டை எல்லாம் பொறுக்கிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார். அது கம்ப்யூட்டர்லதான் இருக்கு. போய் எடுத்துட்டு வா."

சாவுக்கு வைக்கும் படத்துக்கு ஊரில் தீர்க்காயுசுப் படம் என்று பேர். முன்கூட்டியே எடுத்து வைத்தால் ஆயுசு கூடுமாம். அப்பாவுக்குக் கூடவில்லை. சட்டம் போட்ட படம் இலையுதிர்காலத்தில் வரும் என்று சொல்லிவிட்டு, மாணவர்கள் அதுவரைக்கும் மின்னஞ்சலில் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார்கள். தொட்டால் தானாகப் பிரிந்துகொள்ளும் பொட்டலம். புத்திசாலிப் பிள்ளைகள். அதனாலேயே வைரஸ் காவல் நிரல் அதைத் திருடன் என்று பிடித்துச் சிறையில் போட்டிருந்தது. அஞ்சலிலிருந்து மறுபடி இறக்கலாம் என்று பார்த்தால் அந்த இணைப்பு காலாவதியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மையமும் பூட்டு.

காவல் நிரல் அவள் போட்டுக் கொடுத்ததுதான். போன அறுவடைப் பண்டிகைக்கு வந்தபோது. சிறைக்குள் போய் அந்தக் கோப்பை விடுவிக்க அவளுக்குத் தெரியும். விடுவித்தாள். வெளியே வந்ததும் யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது யார் என்றுதான் தெரியவில்லை. வங்கிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, ஆஸ்பத்திரிச் சான்றிதழுக்கு ஒன்று என்று கேட்ட இடத்திலெல்லாம் அப்பா 'சரி'யை அழுத்தி, விதவிதமான பாதுகாப்பு நிரல்களை உள்ளே விட்டிருந்தார். அவற்றில் சிலதை நீக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் போகும்போது, நீக்கினால் உங்களுக்கு ஆபத்து என்று சாபம் விட்டுவிட்டுப் போனது. கோப்பு நிற்கவில்லை.

அம்மாவைப் போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா இதுல வேற ஏதாச்சும் போட்டாரா? யாராவது வந்து பார்த்தாங்களா?"

மறுமுனையில் யாரோ மேசை இழுப்பது கேட்டது.

"உங்கண்ணன் ஒண்ணு போட்டான். புத்தாண்டுக்கு வந்தப்ப."

"இதே மாதிரியா? என்னோடது இருக்கறப்பவா?"

"நீ வர்றேன்னா அவன் போட்டதைத் திரையில எங்கயோ ஒளிச்சு வைப்பார். அவன் வர்றேன்னா உன்னோடதை. ரெண்டுல எதை எடுத்தாலும் ஒருத்தர் மூஞ்சி தொங்கிப்போயிடும்னு சொல்வார். அதான் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஓடுது. அவரும் ஒண்ணும் சொல்லலை."

அப்பா இக்சான் ரயில் சந்திப்பில் முப்பது வருஷம் சிக்னல் பார்த்த மனிதர். ஒரே தண்டவாளத்தில் இரண்டு வண்டியை ஒருநாளும் விட்டதில்லை. வீட்டுக்குள் மட்டும் விட்டிருக்கிறார். கும்-ஜூவுக்குக் கோபம் வந்தது. போன வருஷம் அண்ணன் சியோலுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய வைத்தியரிடம் காட்டினான். அவள் உள்ளூர் ஆஸ்பத்திரியே போதும் என்று நின்றாள். அப்பா இரண்டு இடத்துக்கும் போய், இரண்டு பை மாத்திரையும் வாங்கி, இரண்டு பேரிடமும் 'இது நல்லா கேக்குது' என்றார். அண்ணனும் தங்கையும் அதோடு பேச்சை நிறுத்தியவர்கள்தான். இன்று காலையில் பேசியதெல்லாம் சூப்பைப் பற்றியும் பூவைப் பற்றியும்தான்.

அண்ணன் போட்டதை நிறுத்தப் பாஸ்வேர்டு கேட்டது. வேறு வழியில்லாமல் போன் செய்தாள்.

"சொல்றேன், அடி," என்றவன், அவள் அடிக்க ஆரம்பித்ததுமே நிறுத்தினான். "வேணாம். கட்டம் கட்டமா இன்னும் நாலு கேள்வி கேக்கும். நானே வர்றேன்."

"நீ மூத்த பிள்ளை, வர்றவங்களுக்காக நிக்கணும், கூடத்தை விட்டு வரக்கூடாது."

"அங்க வச்சுக் கும்பிட அப்பா படம் இல்லையே, நான் மட்டும் நின்னு என்ன பண்றது?"

ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருதான். லிஃப்ட் இல்லாத நாலு மாடியை ஏறி, கறுப்புக் கோட்டின் கையில் துக்கப் பட்டையோடு, மூச்சிரைக்க வந்து நின்றான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன்மேல் ஊதுபத்தி வாசனை அடித்தது.

"யாராச்சும் ஏற்கெனவே ஒண்ணு இருக்கான்னு பார்த்துட்டுப் போடுவாங்க," என்றாள்.

"அப்பா ஒளிச்சு வச்சா நான் என்ன மோப்பமா பிடிக்கிறது? நீ மட்டும் பார்த்தியா?"

அவள் விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தான். காவலை நிறுத்த வேண்டுமா, நிச்சயமா, எவ்வளவு நேரத்துக்கு, திரையில் தெரியும் எழுத்துகளை அப்படியே அடிக்கவும். எல்லாவற்றுக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டே பதில் சொன்னான். அவள் கோப்பை விடுவித்தாள். இந்த முறை அது ஓடவில்லை. இருவரும் அசையாமல் பார்த்தார்கள். திறக்கலாம் என்று அவள் தொட்டதும் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி துள்ளி வந்தது.

"இப்ப பிடிச்சது யாரோடது?" என்றான் அண்ணன்.

"என்னோடது."

"ம்."

அந்த 'ம்'முக்கு வேறொரு நாளாயிருந்தால் சண்டையே வந்திருக்கும். அவள் தன்னுடையதையும் நிறுத்திவிட்டுத் திரும்பவும் தொட்டாள்.

பொட்டலம் பிரிந்தது. அப்பா வந்தார். கருநீலக் கோட்டு, கொஞ்சம் கோணலான டை. வாயை இறுக்கி மூடியிருந்தார். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். ஆனாலும் கண் சிரித்தது. திருடன் இல்லை. அண்ணன் மூக்கை உறிஞ்சினான். கும்-ஜூவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, காலையிலிருந்து வராதது. உதட்டைக் கடித்துக்கொண்டு படத்தைப் பென் டிரைவில் போட்டாள்.

"ரெண்டு படம் இருக்கு," என்றான் அண்ணன். "அது வேற போஸா இருக்கும். எது நல்லாருக்குன்னு பாரு."

அவள் திறந்தாள்.

அம்மா. இளஞ்சிவப்பு ஹன்போக் உடை, கன்னத்தில் பவுடர், மையத்துப் பெண்கள் யாரோ பூசிவிட்ட உதட்டுச் சாயம். பின்னால் அதே சாம்பல் திரை. இந்தப் படம் எதற்கு, எங்கே, எந்தப் பூக்களுக்கு நடுவே நிற்கப்போகிறது என்று தெரிந்தும் அம்மா நன்றாகச் சிரித்திருந்தாள்.

கீழே தெருவில் பழைய சாமான் வாங்குகிறவனின் ஒலிபெருக்கி வண்டி கூவிக்கொண்டே போய், வளைவில் திரும்பியது.

"காவலைப் போடு," என்றான் அண்ணன்.

"எதை?"

"ரெண்டையும்."

அவளுடையதை அவள் போட்டாள். அவனுடையதை அவன் போட்டான். சிவப்புப் பெட்டி உடனே வந்தது. ஆபத்தான கோப்பு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, தனிமைப்படுத்தப்படுகிறது. எது பிடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. அம்மாவின் படமும் பொட்டலத்தோடு உள்ளே போனது.

போன் அடித்தது. அண்ணன் எடுத்து ஒலியைக் கூட்டி வைத்தான்.

"கிடைச்சுதா?" அம்மாவின் பின்னால் பாத்திரங்கள் உருண்டன. "உங்க சித்தப்பா வந்துட்டார். வெறும் பூவைக் கும்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கார்."

"கிடைச்சிடுச்சும்மா. நல்லா இருக்கார்."

"நான்தான் சொன்னேன்ல. அதோட என்னோடதும் எடுத்தாங்களே, எப்படி வந்திருக்கு?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அது வரலைம்மா," என்றான். "வைரஸ்னு சொல்லி கம்ப்யூட்டர் பிடிச்சு வச்சிருக்கு."

"என் மூஞ்சியா வைரஸ்? எண்பது வயசுக்கு மேல இந்தப் பேரும் வாங்கியாச்சா," என்றாள் அம்மா. "சரி, கிடக்கட்டும். சீக்கிரம் வாங்க. வந்து ரெண்டு பேரும் ஒரு வாய் சூப்பு குடிங்க, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."

அண்ணன் ஜன்னலைச் சாத்தினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, பென் டிரைவுக்காகத் தன் கோட்டுப் பையைத் திறந்து காட்டினான். அவள் கொடுக்கவில்லை. துக்க உடையில் பை கிடையாது. ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையை மூடியபடி, நாலு மாடியும் அவனுக்குப் பின்னால் இறங்கினாள்.