இரண்டாம் டிவிஷனுக்கு எதிராக ஒரு மனு

ஞானசுந்தரத்தின் மகன் ஜெரால்ட் இங்கிலாந்தில் ரக்பி ஆடுகிறான் என்பது தின்கன்ஜூன் பேட்டையில் தெரு நாய்களுக்குக்கூடத் தெரியும். ரக்பி என்றால் என்னவென்று நாய்களுக்குத் தெரியாது. ஞானசுந்தரத்துக்கும் தெரியாது. ஆனால் முதல் டிவிஷன் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். நகரசபை அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தா. மேலே போனவன் யோக்கியன், கீழே வந்தவன் ஏதோ செய்து மாட்டிக்கொண்டவன். அவர் உலகம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் பக்கத்து வீட்டு சபாபதி மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸைக் கலக்கிக்கொண்டே, நாலு பேர் காதில் விழும்படி, பர்மிய மரியாதைக்கு ‘ஊ’ சேர்த்துக் கேட்டார்:

"ஊ ஞானம், மகன ரெண்டாம் டிவிஷனுக்கு எறக்கிட்டாங்களாமே. பேஸ்புக்ல பாத்தேன். பய என்ன தப்பு பண்ணினான்?"

டீ பாதியிலேயே நின்றது. வீட்டுக்கு வந்தவர், லத்தா பேட்டையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் அஞ்சலியை வாசலிலேயே மறித்துக்கொண்டார். அஞ்சலி செருப்பை மாட்டியபடியே விளக்கினாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய கிளப்பில் ஜெரால்டுக்கு இடமே கிடைக்கவில்லை. இந்த சீசன் முழுக்க ஆடியது பதினோரு நிமிஷம். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. ஆடாதவனை யார் எடுப்பார்கள்? அதனால்தான் ஒரு சின்ன கிளப்புக்கு இரவலாக அனுப்புகிறார்கள். வாராவாரம் எண்பது நிமிஷம் ஆடலாம், ஆள் தேடுகிறவர்கள் அங்கே வந்துதான் பார்ப்பார்கள், பெயர் பெரிய கிளப்பிலேயே இருக்கும். அடிபட்டவனும் புதுப் பையனும் ஆடித் தேறுவது அங்கேதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஞானசுந்தரம் சொன்னது, பெஞ்சில் உட்கார்ந்தாலும் அது முதல் டிவிஷன் பெஞ்ச் என்பதுதான்.

மகள் பஸ் ஏறியதும் பெரிய கிளப்புக்கு மனு எழுத உட்கார்ந்தார். தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் இவரிடம்தான் வருவார்கள். அவரவர் பெயரில் எழுதி, கையெழுத்து போடும் இடத்தைக் காட்டுவார். மகனின் பள்ளி விண்ணப்பம், விசா விண்ணப்பம் எல்லாமே இவர் திறந்து கொடுத்த இமெயிலிலிருந்துதான் போயின. பாஸ்வேர்டும் இவர் வைத்ததுதான். இந்த முறையும் மகன் பெயரில், அதே இமெயிலிலிருந்து போயிற்று. என் பணிப் பதிவேட்டில் எவ்விதக் கறையும் இல்லாத நிலையில், இந்தப் பதவி இறக்கத்தை ஏற்க இயலாது என்று மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கடைசியில், தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன், ஜெரால்ட். எழுதி முடித்ததும் வயிறு நிறைந்ததுபோல் இருந்தது அவருக்கு.

புதன்கிழமை ஜெரால்ட் போன் செய்தான். கோச் அதை எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினாராம். கீழ்ப்படிந்த ஊழியன் வந்த இடத்தில் அறையே சிரித்ததாம். தான் எழுதவில்லை என்று அவன் சொல்லியும் யாரும் நம்பவில்லையாம், அவன் இமெயிலிலிருந்தல்லவா போயிருக்கிறது.

"எழுதுனது நீங்கதான்னு நீங்களே எழுதிக் குடுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. இல்லன்னா அந்த சின்ன கிளப் எடம் வேற ஆளுக்கு."

"மகன் பேருல கள்ளக் கடிதாசி போட்டேன்னு நானே எழுதணுமா? முப்பத்தொரு வருஷத்துல ஒரு மெமோ வாங்கினதில்லடா நான்."

"ஜூனுக்கப்புறம் எனக்கு அந்த பெஞ்சும் கிடையாதுப்பா."

"கீழ போயி ஆடி என்னத்த கிழிக்கப்போற?"

போன் கட்டாகிவிட்டது. லைன் சரியில்லை என்றார் மகளிடம். லைனுக்கு ஒரு குறையும் இல்லை.

வியாழன் அஞ்சலி வேலைக்குப் போகவில்லை. ஜெரால்ட் அவளுக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். முதல் தாளில், மேற்படி கடிதம் கவனக்குறைவினால் அனுப்பப்பட்டுவிட்டது என்று எழுதினார்.

"யாரு அனுப்புனது? பேயா?" என்று அஞ்சலி கிழித்துப்போட்டாள்.

இரண்டாவதில் கணினிமேல் பழி விழுந்தது. அதுவும் கிழிந்தது. மூன்றாவதில் குடும்பத்தின் நலனை உத்தேசித்து என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துத் தானே கசக்கிவிட்டார். பெற்றவனைக் கைதியாக்கி வாக்குமூலம் வாங்குகிறாள், இவளை வளர்த்ததற்கு நாலு கோழி வளர்த்திருக்கலாம் என்று வாய்விட்டே திட்டினார். அவள் நகரவில்லை. நான்கு மணிக்கு, இங்கிலாந்தில் மத்தியானம் ஆவதற்குள், இரண்டே வரி விழுந்தது. அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். என் மகனுக்குத் தெரியாது. கையெழுத்து போடும்போது பேனா தாளைக் குத்திக் கிழித்தது. இனி செத்தாலும் உன்னோடு பேச்சில்லை என்றார். அஞ்சலி அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.

சனிக்கிழமை ஜெரால்ட் சின்ன கிளப்புக்கு ஆடினான். ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும், ஞானசுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகனின் இமெயிலைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. மூன்று தடவை தட்டினார்.

"பாஸ்வேர்ட மாத்திட்டான். கிளப்புல குடும்பத்தாளுன்னு இப்ப என் நம்பரத்தான் குடுத்திருக்கான்" என்றாள் அஞ்சலி, திரும்பிப் பாராமல்.

மூன்று நாள் பேசாதவர் வாயைத் திறந்தார். "ஜெயிச்சானா?"

"தோத்தாங்க. ஆனா எண்பது நிமிஷமும் நின்னு ஆடினான்."

"ரெண்டாம் டிவிஷன்லயும் தோல்விதானா" என்று அவர் உதட்டைச் சுழித்தார்.

அந்த நேரம் அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று ஞானசுந்தரம் காதைக் கொடுத்துப் பார்த்தார். ஸ்பீக்கரில் மகன் சிரிப்பது கேட்டது. என்ன சொல்லிச் சிரிக்கிறான் என்பது மட்டும் பிடிபடவில்லை.