ரிசப்ஷனில் பெரியம்மா

பணியிட நெறிமுறை வகுப்பில் வாய் கிழியப் பேசியது நான்தான். ஹோட்டல் நிர்வாகம் படிக்கிற எங்களுக்கு அப்படி ஒரு வகுப்பு உண்டு. "இன்னார் இங்க தங்கியிருக்காரான்னு யாராவது வந்து கேட்டா என்ன செய்வீங்க?" என்றார் ஆசிரியை.

"கேக்குறவங்க முகம் பாவமா இருந்தா சொல்லிடலாம் மேடம்" என்றான் சோடாபுட்டி.

"மேனேஜர் பக்கத்துல இருந்தா சொல்ல மாட்டேன்" என்றாள் கடைசி பெஞ்சுக்காரி. அவளுடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

நான் மேசையைத் தட்டி எழுந்தேன். "பெத்த தாயே வந்து அழுதாலும் சொல்லக் கூடாது. நம்மள நம்பித்தான் அவங்க கதவைப் பூட்டிக்கிட்டுத் தூங்குறாங்க." ஒரே கைதட்டல். பயிற்சிக்குப் போன ஹோட்டலில் என்னை ரிசப்ஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒழுங்காக முடித்தால் இங்கேயே வேலை என்றார் மேனேஜர்.

பெரியப்பா வீட்டில் தங்கித்தான் படிக்கிறேன். அவருக்கு அச்சகத்தில் இரவு ஷிப்ட். பெரியம்மா வீட்டில் வயலின் சொல்லிக்கொடுக்கிறாள். ஓவர்டைம் என்று சொல்லி அவர் பல நாள் பகலில் வீட்டுக்கே வருவதில்லை. ஒரு காலை, அந்த மனிதர் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தார்.

"இங்கதானாம்மா உனக்கு ட்ரெயினிங்?"

"ஆமா பெரியப்பா. சாரி, ஆமா சார்."

"பெரியம்மாகிட்ட..."

"சொல்ல மாட்டேன் சார்."

சாவியை வாங்கிக்கொண்டு ஓடாத குறையாகப் போனார். பின்னாலேயே வேறு யாராவது வருகிறார்களா என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன். அங்கேயே அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் பயிற்சியில் இருந்த சோடாபுட்டிதான் என் வயிற்றில் பாலை வார்த்தான். "அந்த மனுஷனா? தனியா வருவாரு, போர்வையை இழுத்துப் போர்த்துவாரு, தூங்குவாரு. இடி விழுந்தாலும் எழ மாட்டாரு." விருந்தினர் விஷயத்தை இப்படியா பேசுவது என்று அவனைத் திட்டினேன், முழுவதையும் கேட்டுக்கொண்ட பிறகு.

மறுவாரமே பெரியம்மா வந்துவிட்டாள். ஒரு காலில் அவள் செருப்பு, மறு காலில் என்னுடையது.

"அவர் இங்க நுழைஞ்சதைப் பாத்தேன்னு பக்கத்து வீட்டுக்காரி சொல்றா. எந்த ரூம்டீ? கூட யாரு?"

எனக்குப் பின்னால் மேனேஜர். "யார் தங்கியிருக்காங்கன்னு நாங்க சொல்றதில்லைங்க" என்றேன்.

"என் கையால சாப்பிட்டுக்கிட்டு எனக்கே 'ங்க' போடுறியா?" அவள் கண் நிரம்பிவிட்டது. "தனியாத்தான் இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும் எனக்கு."

அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அவள் அழுகை நிற்கும், என் வேலை போகும். வேலை போனால் போகட்டும். ஆனால் என்னை நம்பித்தானே அவர் கதவைப் பூட்டியிருக்கிறார்? எனக்கும் அழுகை வந்துவிட்டது. நான் சொல்லவில்லை.

அவளை சோபாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் அவருடைய அறைக்குப் போன் போட்டேன்.

"சார், உங்களைத் தேடி ஒருத்தங்க வந்திருக்காங்க. நீங்க இருக்கீங்கன்னு சொல்லட்டுமா, வேண்டாமா?"

"யாரும்மா?"

"வயலின் டீச்சர்."

நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. "நானே வரேன்."

வந்தார். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது, கன்னத்தில் தலையணைக் கோடு. பெரியம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"தூங்கவா வந்தீங்க?"

"வீட்டுல பிள்ளைங்க வாசிக்கிற சத்தத்துல..."

"அதுங்க ஸ்கூலுக்குப் போனப்புறம் நான் மட்டும்தானே வாசிக்கிறேன்?"

பெரியப்பா தரையைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. "இதுக்கு வேற ஒருத்தி இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்!"

மேனேஜர் சிரிப்பை அடக்க இருமினார். பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடீ. நான் அவ்வளவு மோசமாவா வாசிக்கிறேன்?"

இதை எங்களுக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

"அருமையா வாசிக்கிறே பெரியம்மா" என்றேன், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவள் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலம் என்னை எதிரே உட்காரவைத்து வயலினைக் கையில் எடுத்தாள். பெரியப்பா வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிவிட்டார்.