மூன்றாவது கட்டுரையில் வந்த அத்தை

எங்கள் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சித் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர்கள், முதலாமாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வகுப்பு. அதற்கு ஈடாகப் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. மற்றவர்கள் எல்லோரும் முப்பதைத் தாண்டாதவர்கள். எனக்கு அறுபத்தொன்று. பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்றபின் சேர்ந்தேன். ஆட்டிங்கர் குடும்பத்தில் யாரும் தொடங்கியதைப் பாதியில் விட்டதில்லை. நான்காம் ஆண்டில் முதுகும் கண்ணும் விட்டுவிடு என்று கெஞ்சியபோதும் நான் விடவில்லை.

டிசம்பரில், பருவ முடிவில், ஒரு சனிக்கிழமை எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருவோம். பெயர் நீக்கிய மாணவர் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படிப்போம். துறைத் தலைவி பெவர்லி "சரி" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல்களைத் தூக்க வேண்டும். ஆறு விரல் என்றால் மிகச் சிறப்பு. ஒருவர் கைக்கும் அடுத்தவர் கைக்கும் பெரிய இடைவெளி இருந்தால் நெருங்கி வரும்வரை வாதாடுவோம். சராசரி ஐந்தைத் தொட்ட கட்டுரை அடுத்த ஆண்டுப் பாடத் தொகுப்பில் எழுதியவர் பெயரோடு அச்சாகும். முதலாமாண்டில் சேரும் ஒவ்வொருவரும் அதைப் படிப்பார்கள். எழுதியவரைத் தெரிந்தவர்கள் அதைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி.

அன்று மூன்றாவது கட்டுரையின் முதல் பத்தியிலேயே எங்கள் வீட்டுக் கார் கொட்டகை வந்தது.

எழுதியவள் என் தம்பி வெண்டெலின் மகள் மேரன். இங்கேதான் முதலாமாண்டு படிக்கிறாள், வேறொருவர் வகுப்பில். இதை நான் துறையில் யாரிடமும் சொன்னதில்லை. வெண்டெல் இரண்டு குளிர்காலங்களுக்கு முன் அந்தக் கொட்டகையில் இறந்து கிடந்தான், பக்கத்தில் மதுப் பாட்டிலோடு. இதயம் நின்றுவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். அப்படிச் சொல்ல வைத்தவள் நான். என் அப்பா இண்டியானா மாநிலத்தின் தென்பகுதியில் நீதிபதியாக இருந்தவர். எங்கள் வீட்டுக் கதவுக்குள் நடப்பது தெருவுக்கு உரியதல்ல என்பது அவர் காலத்து முறை. இன்றும் அதுவே என் முறை.

மேரன் எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். இறுதிச் சடங்கன்று அத்தை வாசலில் நின்றாளாம். கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டு, கதவு நிலையில் ஒரு கை. உள்ளே நுழைந்த குடும்பத்துப் பிள்ளை ஒவ்வொருவரிடமும், டிக்கெட் சரிபார்ப்பவள் போல, "இதயம்" என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினாளாம்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால், இது யார் வீட்டுக் கதை என்று மேசை முழுவதற்கும் தெரிந்துவிடும். இருந்து இரண்டு விரல் காட்டினால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லிக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். மற்ற கைகள் இரண்டிலிருந்து ஐந்துவரை சிதறி நின்றன. இரண்டு காட்டியவன் ஆண்ட்ரே. நல்ல பையன். வாடகை கட்ட மாலையில் ஒரு கிடங்கிலும் வேலை பார்ப்பவன். அவன் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும்.

ஏன் இரண்டு என்று பெவர்லி கேட்டாள்.

"பருவத்துக்கு ஒரு அப்பனையாவது சாகடிச்சிடுறாங்க, பெவர்லி. எனக்குக் கண்ணீரே ஸ்டாக் இல்ல," என்றான். மேசை சிரித்தது. "சரி, அப்பன் போகட்டும். இந்த அத்தையைப் பாருங்க. எவ இப்படி நிப்பா? நேரா பழைய சினிமாவுலேருந்து இறக்கியிருக்கா. பொண்ணு நல்லாப் புளுகுது."

மூன்று நான்கு தலைகள் ஆமென்று அசைந்தன.

எங்கள் குடும்பத்துப் பெண்ணைப் பொய் சொல்கிறவள் என்று ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமைகளில் அந்தக் கட்டடத்தில் ஹீட்டர் போடமாட்டார்கள். அதனால் கோட்டைக் கழற்றாமலே இருந்தேன். எழுந்து கதவுவரை நடந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டதால் நிலையைப் பற்றித் திரும்பினேன்.

"விதிப்படி நான் வெளிய போகணும்," என்றேன். "எழுதினவளை எனக்குத் தெரியும். அவ புளுகல."

ஆண்ட்ரே என்னைப் பார்த்தான். தாளைப் பார்த்தான். மறுபடி என் கையையும் கழுத்துப் பட்டனையும் பார்த்தான். கடித்த பேகல் ரொட்டி அவன் வாயிலேயே நின்றது.

நடைவழியில் குளிர்பான எந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படி ஒரு களைப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. உள்ளே வெகுநேரம் தாள் புரளும் சத்தம் மட்டும். பிறகு பெவர்லியின் "சரி".

ஆண்ட்ரேதான் வெளியே வந்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"அஞ்சரை," என்றான். "உண்மைங்கறதுக்காகக் கூட்டிப் போடல, லோர்னா. திரும்பப் படிச்சோம். முதல் தடவை நான் ஒழுங்கா படிக்கவே இல்ல. கண்ணு எரிஞ்சுது. தொகுப்புல போகும். ஆனா நீங்க வேணாம்னா பெவர்லி நிறுத்திடறேங்கறாங்க. காரணம் யாருக்கும் சொல்ல மாட்டாங்களாம்."

ஒரு சொல் போதும். செப்டம்பரில் என் இரண்டு வகுப்புக்கும் நானே அதை நடத்த வேண்டியிருக்காது. ஆட்டிங்கர் என்ற பெயரைப் பார்த்துவிட்டு மாணவர்கள் என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். ஆனால் நல்லதென்று மேசை ஒத்துக்கொண்ட எங்கள் பெண்ணின் எழுத்தை, எங்கள் வீட்டாளே கதவை அடைத்து நிறுத்தினாள் என்று ஆகும்.

"எழுதினது நானில்ல. அவகிட்ட கேளுங்க. அவ சரின்னா போடுங்க," என்றேன். "ஒண்ணே ஒண்ணு. கோட்டு கறுப்பு இல்ல. கரும்பச்சை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி திருத்தச் சொல்லுங்க."

அவன் என் கோட்டை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தான்.

"நீங்க இருந்திருந்தா எத்தனை காட்டியிருப்பீங்க?"

"அது விதிக்குப் புறம்பு."

எழுந்திருக்க அவன் கை நீட்டினான். தேவையில்லை என்றேன். உள்ளே திரும்பிப் போனபோது கட்டுரைகள் இன்னும் பாதிக்கு மேல் கிடந்தன. நான்காவது, ஒரு நாய் செத்துப்போனதைப் பற்றியது. யாரும் சிரிக்கவில்லை.