பெல்கிஸின் முடியும் லா ஹாகுவாவின் மழையும்

லா ஹாகுவாவில் சனிக்கிழமை மழையை எங்கள் ஊர்ப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். எந்த வருடம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிறிஸ்பினா தன் சலூனுக்கு முடி உலர்த்தும் சூட்டுத் தொப்பி இரண்டாவதாக ஒன்று வாங்கிய வருடம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். காலையில் தலையைக் கழுவி, முடியை உருளைகளில் சுற்றி, சூட்டுத் தொப்பிக்குள் வேகும்வரை உட்கார்ந்து, பிறகு சுடுகாற்றில் இழுத்து நீட்டி, மத்தியானம் பளபளவென்று நேர்முடியோடு வெளியே வரும் ஒவ்வொருத்தியும் முதல் காரியமாக வானத்தை நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்து, "இப்ப வேண்டாம்" என்பாள். நாலு துளி பட்டால் அரைநாள் பட்ட பாடெல்லாம் சுருண்டுகொள்ளுமே. ஒருத்தி சொன்னால் மேகம் காதில் போட்டுக்கொள்ளாது. ஊரே சொன்னால் அதுவும்தான் என்ன செய்யும்? சமானா விரிகுடாவிலிருந்து கிளம்பி வரும் மழை, பாலம் வரைக்கும் வந்து, கொஞ்சம் நின்று யோசித்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பாலத்தின் நடுவில் நின்றால் ஒரு தோள் நனையும், மறு தோள் காயும். கோகோ ஏற்ற வரும் லாரிக்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, பின்பாதியை மழையில் கழுவிக்கொண்டு முன்பாதியில் படுத்துத் தூங்குவார்கள்.

மேகம் விரட்டுவதில் பெல்கிஸை மிஞ்ச ஆளில்லை. அவள் கூட்டுறவுச் சங்கத்தில் கோகோக் கொட்டை தரம் பிரிப்பவள். சொத்தைக் கொட்டையைப் பார்க்கும் அதே பார்வையால் மேகத்தையும் பார்ப்பாள். மேகம் கூனிக்குறுகிக் கடல் பக்கம் திரும்பிவிடும். கல்யாணம், பேஸ்பால் ஆட்டம், மாதாவின் சுற்றுப்பிரகாரம், எதுவானாலும் ஒரு நாற்காலியும் குளிர்ந்த பழச்சாறும் கொடுத்து அவளை வாசலில் உட்கார வைத்துவிடுவார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். முதல் நற்கருணை வாங்கிய வயதில், "இந்தக் கெட்ட முடியோட பீடத்துக்கு முன்னாடி எப்படிடீ நிப்பே?" என்று கேட்டு அவள் அம்மா சலூனுக்கு இழுத்துப்போனாள். எங்கள் ஊரில் நேர்முடி நல்ல முடி, சுருள்முடி கெட்ட முடி. முடி யாரிடம் என்ன கெடுதல் செய்தது என்று யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து பெல்கிஸின் மண்டையில் வேர் எட்டிப்பார்க்கும் போதெல்லாம் சுருள் எடுக்கும் பசையைத் தடவிவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய அவளுக்குத் தன் சொந்த முடி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பசை எரியும் எரிச்சல் எப்படி என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் தன் ஒரே மகள் யஹைராவின் தலையில் பசை படவிடவில்லை; அவளுக்கு உருளையும் சூடும் மட்டும்தான்.

சனிக்கிழமையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஞாயிறு பூசைக்கு நேர்முடி வேண்டும் என்று ஞாயிறும் சேர்ந்தது. பிறகு ஊருக்கு வங்கி வந்தது. அங்கே வேலைக்குப் போன பெண்கள் திங்கள், செவ்வாய் என்று வாரம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆற்றில் கல் தெரிந்தது. கோகோக் காய்கள் பிஞ்சிலேயே கருகின. எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் மட்டும் யோக்கியர்களா என்ன, நேர்முடிக்காரியைத்தான் அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வறட்சியில் ஒரு நாள், பெல்கிஸின் தலை முழுக்கப் பசை இருந்தபோது, கிறிஸ்பினாவின் குழாய் இருமிவிட்டு நின்றுபோனது. பசையை நேரத்துக்குக் கழுவாவிட்டால் தோலைத் தின்னும். தொட்டியில் தண்ணீர் இல்லை, பக்கத்து வீடுகளிலும் இல்லை. கிறிஸ்பினா குளிர்பெட்டியில் இருந்த மால்ட் பானத்தை எல்லாம் ஊற்றினாள். போதவில்லை. தெருவில் போன இளநீர்க்காரனைப் பிடித்து உள்ளே இழுத்து, வண்டியில் இருந்த இளநீரை எல்லாம் வெட்டி வெட்டி ஊற்ற வைத்தாள். பெல்கிஸ் அலறியது பாலத்துக்கு அந்தப் பக்கம் மழைக்குள் நின்றவர்களுக்கும் கேட்டது. அடுத்த வாரங்களில் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது.

புண்ணுக்குக் கற்றாழைச் சோறு தடவிக்கொண்டிருந்த ஒரு காலையில், பிடரியில் அவள் விரலை ஏதோ சுற்றிக்கொண்டது. இழுத்தாள், நீண்டது. விட்டாள், திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி இழுத்தாள். அன்றைக்கு அடுப்பில் வைத்த பீன்ஸ் கருகிப்போனது. அவளுக்குத் தெரியவே இல்லை. ஆண்களுக்கு முடி வெட்டும் நோலோவின் கடைக்குப் போய், நேராக இருந்த அத்தனையையும் வெட்டச் சொன்னாள். நோலோ மூன்று தடவை யோசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வெட்டினான். தலையோடு ஒட்டி மிஞ்சிய சுருளைத் தடவிக்கொண்டு வெளியே வந்தவள் பழக்கதோஷத்தில் வானத்தைப் பார்த்தாள். மேகம் இருந்தது. வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. முதல் துளி அவள் உச்சந்தலையில் விழுந்தது. அவள் நடந்தாள், மழை பின்னாலேயே நடந்து வந்தது, மீன்கடை, மருந்துக்கடை, தேவாலயம், கடைசியில் ஊர் முழுக்க. நனைந்தபடி அவள் சிரித்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இங்கேதான் எங்கள் ஊர் தவறாகக் கணக்குப் போட்டது. அல்தகிராசியா மாதாவுக்கு நேர்ந்துகொண்டு முடியை வெட்டிக் காணிக்கையாகக் கொடுப்பது எங்களிடம் உண்டு. மழையை விரட்டியவளே பாவத்துக்குப் பரிகாரமாக மழை கேட்டு நேர்ந்துகொண்டாள், மாதாவும் மனமிரங்கினாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவள் வீட்டுக்கு மெழுகுவத்தி வந்தது, கோழி சூப்பு வந்தது. பெல்கிஸ் அந்த நாட்களில் வேறொரு வேலையில் மூழ்கியிருந்தாள். கைக்கு வந்த முடி என்ன கேட்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. காய்ந்த தலையில் சீப்பை விட்டாள், பொரிபொரியாகச் சிலிர்த்துக்கொண்டது. ஈரத்தில் விரலாலேயே சிக்கெடுத்தாள், சொன்னபடி கேட்டது. ஆளிவிதையைக் கொதிக்க வைத்து வடித்த கூழ், தேங்காயெண்ணெய், பழுத்த அவகாடோ, ஒவ்வொன்றையும் வைத்துப் பார்த்து, பிடிக்காததை ஒதுக்கினாள். படுக்கப் போகும்போது உச்சியில் அன்னாசிப் பழம் மாதிரி கட்டி, வழவழப்பான துணி சுற்றினாள். முடி கீழே வரவில்லை. மேலேயும் பக்கத்திலும் போனது. மழை நின்ற பிறகும் அதற்குள் கொஞ்ச நேரம் தூறிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டு எமில்சே தன் கொத்தமல்லித் தொட்டியை எடுத்து பெல்கிஸ் வரும் வழியில் வைத்துவிடுவாள், தண்ணீர் ஊற்றும் வேலை மிச்சம்.

கோகோ மறுபடி காய்த்தது. ஜனவரியில் மாதா திருநாளுக்கு நன்றிப் பூசை வைத்து, முன்வரிசையில் பெல்கிஸை உட்கார வைக்கப் பங்குக் குருவான எலாதியோ சாமி ஏற்பாடு செய்தார். நேர்த்திக்கடன் நிறைவேறிவிட்டது, இனி அவள் நிம்மதியாக முடியை நேராக்கிக்கொள்ளலாம் என்று பூசையில் எல்லோர் முன்னாலும் அன்போடு சொன்னார். நேர்ந்துகொண்ட காலம் இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருந்தால் போதும். இன்னும் இரண்டு வருடம் மாதாவின் பேரைச் சொல்லியே அந்த முடியோடு மரியாதையாக நடமாடியிருக்கலாம். அவள் எழுந்து நின்றாள்.

"சாமி, நான் மாதாவுக்கு ஒண்ணும் நேர்ந்துக்கல. மாதா பேர்ல எதுக்கு ஒரு பொய்? இது என்னோட முடி. எப்படி இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்தேன். பிடிச்சிருக்கு, வெச்சுக்கிட்டேன்."

ஊருக்கு இது பெரிய அவமானமாகப் போயிற்று. கடவுளுக்காக அசிங்கமாக இருந்தால் புண்ணியம். தனக்குப் பிடித்து அப்படி இருந்தால் திமிர். "நேர்த்திக்கடன்னு நெனச்சுத்தானே கோழி அடிச்சு சூப்பு வெச்சேன், அழகுக்குன்னு தெரிஞ்சிருந்தா எலும்பைக்கூடக் குடுத்திருக்க மாட்டேனே" என்று எமில்சே தெருவில் நின்று கத்தினாள். சூப்பில் உப்பு கம்மி என்று மட்டும் பெல்கிஸ் பதில் சொன்னாள்.

கிறிஸ்பினாவின் மகன் வில்கினுக்கும் யஹைராவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவும் ஒரு சனிக்கிழமை. கிறிஸ்பினா நல்ல மனுஷிதான். ஆனால் ஊரின் தலைகளுக்கெல்லாம் பொறுப்பு அவள் என்ற நினைப்பு அவளுக்கு. வீடு தேடி வந்தாள்.

"சம்பந்தி, சனிக்கிழமை காலையில வந்து என் நாற்காலியில உக்காருங்க. ஃபோட்டோவுல உங்க தலை ஒண்ணே முழுசா அடைச்சுக்கிட்டா என் புள்ளைய எங்கே நிறுத்துறது? அதோட, மழையை யாரு விரட்டுவா? நேர்முடிக்காரி சொன்னாத்தான் வானம் கேக்கும்."

பெல்கிஸ் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். மகளிடம் அப்படி முடியவில்லை. ஒரே ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை தலையை நனைத்துக்கொள், மறுபடி சுருண்டுவிடும் என்று யஹைரா கெஞ்சினாள். அப்பா நியூயார்க்கில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அவளைக் கைப்பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப்போக வேண்டியவள் அம்மாதான். ஊர் மொத்தமும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க, அந்தச் சிரிப்புக்குள் தானும் நடக்க வேண்டுமே என்றாள்.

"உன் கல்யாணத்துக்கு உங்க அம்மா வரணுமா, இல்ல அம்மா மாதிரி ஒருத்தி வரணுமா?" என்று பெல்கிஸ் கேட்டாள். யஹைரா சித்தி வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாள். பெல்கிஸுக்கு மகள் என்றால் உயிர். அவள் தன்னைப் பார்த்து வெட்கப்படுவாளோ என்ற பயம், பசையின் எரிச்சலைவிட மோசமாக இருந்தது. முதல் தடவையாக அவள் தன் முடியின் மேல் கோபப்பட்டாள். பிறகு அதைக் கழுவி, எண்ணெய் வைத்து, ஒவ்வொரு சுருளாக விரலில் சுற்றிவிட்டாள்.

சனிக்கிழமை நீலக் கவுனில், அகலமும் உயரமுமான அந்த முடியோடு அவள் மோட்டார் பைக்கின் பின்னால் வந்து இறங்கினாள். பின்னால் ஒன்றும் தெரியாமல் வழியெல்லாம் ஓட்டுபவன் கண்ணாடியைத் திருகிக்கொண்டே வந்தான். தேவாலயத்து மைதானத்தில் கார் போக இடமில்லை. நடந்துதான் கடக்க வேண்டும். மேலே மேகம் வந்து நின்றது. முகப்பில் ஒதுங்கியிருந்த பெண்கள் தலையில் பிளாஸ்டிக் பைகளை மாட்டிக்கொண்டு, எல்லோருமாக வேண்டாம் என்றார்கள். மேகம் அசையவில்லை. அது பெல்கிஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேர்முடி இருந்தால்தான் வானம் கேட்கும் என்றது வெறும் பேச்சு என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

காரிலிருந்து இறங்கிய யஹைராவின் முடி, முக்காட்டுக்குள் இடுப்பு வரை வழிந்தது. கிறிஸ்பினா விடியலிலிருந்து உழைத்த உழைப்பு.

"அம்மா, போகச் சொல்லும்மா."

"சொல்றேன். உனக்காக என்ன வேணா சொல்லுவேன். ஆனா நீ என்னை நல்லாப் பாத்துட்டுச் சொல்லு கண்ணு, போகச் சொல்லட்டுமா?"

யஹைரா அம்மாவைப் பார்த்தாள். எத்தனையோ மாதங்களாக அவள் அம்மாவின் தலையைச் சுற்றிலும் பார்த்திருந்தாளே தவிர, நேராகப் பார்த்ததில்லை. பெல்கிஸ் மகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தரம் பிரிக்கக் கொட்டிய கொட்டை மாதிரி தன்னையே கொட்டி வைத்திருந்தாள். வில்கின் வாசலில் காத்திருந்தான். பாடகர் குழு ஒரே பாட்டை மறுபடி தொடங்கியது.

"எனக்கும் உன்ன மாதிரிதான் இருக்குமாம்மா?"

"தெரியலடி. அதுக்குன்னு ஒரு மொகம் இருக்கும்."

"அப்ப நனையலாம்" என்று யஹைரா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை பெய்தது. இரண்டு பேரும் அவசரப்படாமல் மைதானத்தைக் கடந்தார்கள். முகப்பில் நின்ற கிறிஸ்பினா, மணப்பெண் தலைக்கென்று கையில் விரித்து வைத்திருந்த பையோடு அப்படியே நின்றாள். பீடத்துக்குப் போகும் வழியிலேயே யஹைராவின் முடி இடுப்பை விட்டுத் தோளுக்கு ஏறியது, தோளை விட்டுக் காதுக்கு ஏறியது, பிறகு முக்காட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போனது. வில்கின் வாயைப் பிளந்து பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். எலாதியோ சாமி முக்காட்டை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார், எழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் உயரமாக எழுந்து அந்தரத்தில் நின்றது. அதை அதன் போக்கில் விட்டுவிட்டு அவர் மோதிரங்களைக் கேட்டார்.