அறுபத்தொரு பொய்கள்

கேம் எழுதுகிறவர்களைப் போலக் கடைந்தெடுத்த சோம்பேறிகளை நான் பார்த்ததில்லை. பதினாறு வருஷமாக அவர்கள் கொட்டின குப்பையைக் கூட்டுவதுதான் என் பிழைப்பு. ஓர் இயங்குதளத்துக்காக எழுதின கேமை, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னோர் இயங்குதளத்தில் ஓட வைக்கும் நடு அடுக்கு ஒன்று உண்டு. அதை எழுதும் குழுவுக்கு நான்தான் தலைவன். கேம் கேட்பதை நாங்கள் வாங்கிக்கொண்டு, அடியில் இருக்கும் கணினிக்குப் புரிகிற மாதிரி கேட்டு, பதிலைத் திரும்பக் கேமுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். துபாஷி வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மகானுபாவர்களின் கேம்களுக்குக் கேள்விகூட ஒழுங்காகக் கேட்கத் தெரியாது. ஒன்று சத்தத்தை நிறுத்தச் சொல்லும், நிறுத்தினால் செத்துப்போகும். இன்னொன்று திரை எவ்வளவு அகலம் என்று கேட்கும், சொன்னால் நம்பாது.

இந்த ஜன்மங்களுக்காகவே எங்கள் அடுக்குக்குள் ஒரு கோப்பு இருந்தது. எந்தக் கேமிடம் என்ன பொய் சொல்ல வேண்டும் என்கிற பட்டியல். அலுவலகத்தில் அதற்குப் பெயரே பொய்ப் பட்டியல்தான். இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதினது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாள். எங்கே ஓட்டை என்றாலும் காரணத்தைத் தேடாமல் ஒரு வரியை ஒட்டிவிட்டுப் போய்விடுவார் என்பது என் கணிப்பு. அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் பிளாஸ்திரி. என் காது கேட்க யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதும், நான் சொல்லும்போதெல்லாம் மற்றவர்கள் குனிந்து தங்கள் கப்பைப் பார்த்தார்கள் என்பதும் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகப் படவில்லை.

போன பதிப்புக்கு முன்னால் கூட்டம் போட்டேன். காரணம் எழுதாத ஒவ்வொரு வரியும் போக வேண்டும் என்றேன். பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டி, ஒவ்வொன்றாகப் படித்தேன். நூற்று நாற்பதாவது வரி, ஒரு துறைமுக கேமைப் பற்றியது. கப்பல் வரும், கிரேனால் சரக்கை இறக்க வேண்டும், அவ்வளவுதான் கேம். அது 'டிஸ்கில் எவ்வளவு இடம் காலி?' என்று கேட்டால், எவ்வளவு இருந்தாலும் 'இரண்டு ஜிபி' என்று சொல்லச் சொல்லியிருந்தது. பக்கத்தில் காரணம் என்று இருந்தது இரண்டே வார்த்தை: 'கொக்கி சொன்னது.'

"கொக்கியா? யாருங்க இந்தக் கொக்கி? பெரிய விஞ்ஞானியா?" என்றேன்.

"ஃபோரத்துல எழுதற ஒருத்தர். அவரு சொன்னதை நான் ஓட்டிப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு," என்றார் பிளாஸ்திரி.

"போறவன் வர்றவன் சொல்றதை எல்லாம் எழுதி வைக்கறதுக்கு இது என்ன பஸ் ஸ்டாண்டு சுவரா? கம்ப்யூட்டர்ல ஆயிரம் ஜிபி இருந்தா ஆயிரம்னு சொல்லணும். அதைக் கேட்டுத் தாங்க முடியாத கேம் செத்துத் தொலையட்டும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிளாஸ்திரி சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. அன்று மாலைக்குள் அறுபத்தொரு பொய்களை நீக்கினேன். பட்டியல் மெலிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமிதம். பிளாஸ்திரியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டேன்.

இந்தக் கொக்கி யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் வித்தை காட்டுவது எனக்குப் பிடிக்காது. கொக்கி என் அப்பா.

முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டினவர். முழங்கால் போய்விட்டதால் மூன்றாவது மாடியை விட்டு இறங்குவதில்லை. நாலு வருஷமாக அந்தத் துறைமுக கேமை ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஃபோரத்தில் எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு ஃபோரம் என்றால் என்னவென்று தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் கணினியை எங்கள் அடுக்கு ஓடுகிற இயங்குதளத்துக்கு மாற்றினது நான். அவரைக் கேட்கவில்லை. பழைய டிஸ்கைக் கழற்றிப் பெரிய டிஸ்க் போட்டதும், கொஞ்ச நாள் கழித்துப் பழையதைத் தூக்கி எறிந்ததும் நான்தான். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டபோது "நல்லா இருக்குடா" என்றார். எதைக் கேட்டாலும் அதுதான் அவர் பதில். நானும் அவரும் நேராகப் பேசிக்கொள்வது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் மனைவி வழியாக. "மாமாவுக்கு வெளிச்சம் பத்தலையாம்" என்று என்னிடமும், "அவருக்கு இன்னைக்கு வேலை ஜாஸ்தி மாமா" என்று அவரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பதிப்பு வெளியாகி ஐந்தாம் நாள் கொக்கியிடமிருந்து எங்கள் ஃபோரத்தில் ஒரு புகார் வந்தது. பிளாஸ்திரி அந்த இடத்தில் இல்லாததால் நேராக என்னிடம் வந்தது. இப்போது எனக்கு அது மனப்பாடம்.

'ஐயா, புதுப் பதிப்புக்குப் பிறகு என் துறைமுகம் சேவ் ஆகவில்லை. இடம் போதாது என்கிறது. டிஸ்க் முக்கால்வாசி காலியாகத்தான் இருக்கிறது. முன்பும் இதே கோளாறு வந்து, உங்களில் ஒருவர் சரிசெய்து தந்தார். இந்த கேம் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதப் பார்க்கிறது. அதனால் என் பழைய கோப்பும் போய்விட்டது. இப்போது திரையில் ஓடிக்கொண்டிருப்பது மட்டும்தான் மிச்சம். சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

ஒரு பொறியாளன் எழுத வேண்டிய புகார் இது. எனக்கு அது படவில்லை. 'மன்னிக்கவும்' என்று முடித்திருந்ததைப் பார்த்து, பொழுது போகாத ஆசாமி என்று முடிவு கட்டினேன். பதில் எழுதினேன்:

'இது எங்கள் பிழையல்ல, கேமின் பிழை. கேமுக்குக் கணக்குத் தெரியாவிட்டால் நாங்கள் பாடம் எடுக்க முடியாது. வேறு கேம் ஆடவும்.'

புகாரை மூடினேன். மூடும்போது ஒரு திருப்தி இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா குளிக்கப் போயிருந்தார். அவர் அறையைத் தாண்டும்போது கணினியின் விசிறி மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். திரை நிறையத் துறைமுகம். மொத்தம் முப்பத்திரண்டு கிரேன். கப்பல்கள் வரிசையாக நின்றன. நடுவில் ஒரு குட்டி இழுவைப் படகு, எல்லாரையும் முட்டித் தள்ளிக்கொண்டு, ஓயாமல் சங்கு ஊதிக்கொண்டு திரிந்தது. அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் 'ஹாரன்'. சின்ன வயதில் நான் போட்ட கூச்சலுக்கு அப்பா எனக்கு வைத்த பெயர் அது.

சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு மேலே பார்த்தால், மானிட்டர் நெற்றியில் ஒரு காகிதம். பெரிய எழுத்தில், 'அணைக்க வேண்டாம்.'

எனக்குச் சுள்ளென்று வந்தது. இந்தக் காலத்தில் கணினிக்கு முன்னால் காகிதம் ஒட்டுகிறாரே மனுஷன்! மூலையில் வேறு, புதுப்பித்தல்கள் காத்திருக்கின்றன, மறுதொடக்கம் செய்யவும் என்று பதினான்கு அறிவிப்புகள். என் வீட்டிலேயே, என் அப்பாவின் கணினியிலேயே இந்த லட்சணம். காகிதத்தைக் கிழித்துக் கசக்கினேன். மறுதொடக்கத்தை அழுத்தினேன். 'சேவ் செய்யாதவை அழிந்துவிடும், பரவாயில்லையா?' என்று கேட்டது. பரவாயில்லை என்றேன்.

பின்னால் என் மனைவி, துவைத்த துணியோடு நின்றிருந்தாள்.

"என்ன பண்ணீங்க?"

"அணைச்சுப் போட்டேன். எத்தனை நாளா ஓடுதோ, அடுப்பு மாதிரி கொதிக்குது."

"பத்தொம்போது நாளா ஓடுது," என்றாள். துணியைக் கட்டிலில் போட்டாள். "அணைச்சா எல்லாம் போயிடும்னு மாமா மத்தியானம்கூட படுக்கறதில்லை. கரண்ட் போயிடுமோன்னு விளக்கைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு. காகிதம் ஒட்டி வெச்சிருந்தாரே, உங்களுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லாதம்மா, அவனுக்கு ஆயிரம் வேலைன்னாரு. ஆபீஸ்ல யாருக்கோ எழுதியிருக்கேன், பார்ப்பாங்கன்னாரு. கொக்கின்னு ஒரு பேரு வெச்சுக்கிட்டு எழுதினாரு. நான்தான் டைப் அடிக்க உதவி பண்ணினேன்."

கையிலிருந்த காகிதத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. பையில் போட்டுக்கொண்டேன். அப்பா குளித்துவிட்டு வந்து, கறுப்புத் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, விடு," என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அந்த வழியும் இல்லாமல் பண்ணிவிட்டார்.

மறுநாள் பிளாஸ்திரியின் மேஜைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் நானாக அங்கே போனது அதுதான் முதல் தடவை.

"அந்தத் துறைமுக கேம்... ரெண்டு ஜிபின்னு ஏன் சொல்லச் சொன்னீங்க?"

அவர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "அந்தக் காலத்துல இவ்வளவு பெரிய டிஸ்க் வரும்னு யாரு நினைச்சாங்க? ஒரு அளவுக்கு மேல போனா அந்த கேமுக்கு எண்ணு மைனஸா திரும்பிடும். ஆயிரம் ஜிபி காலின்னு நீங்க உண்மையைச் சொன்னா, அது கடன்ல இருக்கோம்னு எடுத்துக்கும். கம்மியா சொன்னாத்தான் நிம்மதியா எழுதும். சின்ன டிஸ்க்ல ஆகுது, பெரிசுல ஆகலைன்னு கண்டுபிடிச்சது நான் இல்லை. கொக்கிதான். நாள் வாரியா குறிச்சு அனுப்பியிருந்தாரு. நம்ம ஆளுங்க யாரும் அப்படி எழுத மாட்டாங்க."

"கொக்கி எங்க அப்பா."

அவர் திரையைப் பார்த்தபடி, "அன்னைக்குக் கூட்டத்துல அவரைத்தான் விஞ்ஞானியான்னு கேட்டீங்க," என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நீங்க காரணத்தை விவரமா எழுதியிருக்கலாம்," என்றேன். பாருங்கள், அப்போதும் அதுதான் வந்தது என் வாயில்.

"எழுதியிருக்கலாம். நீங்களும் கேட்டிருக்கலாம்."

அறுபத்தொரு வரிகளையும் அன்றைக்கே திரும்பப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரணம் கேட்டு எழுதினேன். மூன்றுக்குத்தான் அவருக்கே காரணம் தெரியவில்லை. ஐம்பத்தெட்டுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் புது அடுக்கை அப்பாவின் கணினியில் போட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இனிமே சேவ் ஆகும். ஃபோரத்துல உங்களுக்கு அப்படி ஒரு பதில் வந்துச்சே... அது..."

"நீதானே எழுதினே."

"எப்படித் தெரியும்? அதுல பேரே இல்லையே."

"பேரு எதுக்குடா? ரெண்டு வரி படிச்சதுமே தெரிஞ்சுது. வேற யாரு அப்படிப் பேசுவா? அதான் மறுபடியும் எழுதலை." குரலில் கோபமே இல்லை. "காகிதம் போதும்னு நினைச்சேன்."

கேம் திறந்தது. முப்பத்திரண்டு கிரேனும் இல்லை, கப்பலும் இல்லை. வெறும் சேறும், ஒரு கிரேனும், கரையில் கட்டின ஓர் இழுவைப் படகும். படகுக்கு என்ன பெயர் என்று கேட்டது. கர்சர் மின்னிக்கொண்டு நின்றது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்னாடி இதைச் சரி பண்ணிக் குடுத்தது யாரு?"

"எங்க ஆபீஸ்ல ஒரு அம்மா. பிளாஸ்திரின்னு சொல்வேனே சாப்பிடறப்ப, அவங்கதான்."

"பேரு கேட்டேன்டா."

சொன்னேன். அப்பா ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தார். அந்தப் பெயர் படகின் பக்கவாட்டில் ஏறியது. படகு ஒருமுறை சங்கு ஊதிவிட்டு, யாரையும் முட்டாமல் சேற்றோரமாகப் போயிற்று.

"சேவ் பண்ணிப் பாருங்கப்பா," என்றேன்.

பண்ணினார். ஆனது.